எல்லை கடக்கும் இணையக்கடை

நுழையும்முன்

வாங்குவோரும் விற்போரும் ஒருவரையொருவர் நேரில் காணாமலேயே வணிகம் நடைபெறும் காலம் இது. ஒரு நாட்டில் உள்ள கடையின் பொருளை மற்றொரு நாட்டில் இருப்பவர் திறன்பேசியில் பார்த்து, ஐயம் கேட்டு, பணம் செலுத்தி வாங்குகிறார். இவ்வணிகத்தில் விற்பவரின் முகமாகவும் குரலாகவும் விளங்குவது இணையத்தளமே. அத்தளத்தை வேற்று நாட்டினருக்கு உரியதாக மாற்றுவதற்கு மொழியறிவு மட்டும் போதுமா? சீன நாட்டு வாடிக்கையாளரை நாடிச் சென்ற இணையக்கடைகளின் பட்டறிவு இவ்வினாவிற்கு விடை தருகிறது.

மொழிபெயர்ப்பும் உள்ளூர்மயமாக்கமும்

ஒரு மொழியில் உள்ள கருத்தை மற்றொரு மொழியில் தருவது மொழிபெயர்ப்பு. வழிநூலின் வகைகளைக் கூறுமிடத்தில் தொல்காப்பியம் மொழிபெயர்ப்பையும் அவற்றுள் ஒன்றாக எண்ணுகிறது. கணினியும் இணையமும் பரவியபோது, மொழிபெயர்ப்பை உள்ளடக்கிய, அதனினும் விரிந்த ஒரு பணி தேவைப்பட்டது. ஒரு மென்பொருளையோ இணையத்தளத்தையோ குறிப்பிட்ட நாட்டு மக்களின் மொழி, எழுத்து, எண்முறை, நாணயம், பழக்கவழக்கம், சட்டம் ஆகிய அனைத்திற்கும் பொருந்துமாறு அமைப்பதே அப்பணி. இதனை உள்ளூர்மயமாக்கம் என்பர்.

இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். தளத்தின் முதற்பக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு ‘வீடு’ என்னும் பொருளும் உண்டு. சொற்பட்டியலை மட்டும் கையில் பெற்ற மொழிபெயர்ப்பாளர், அச்சொல் பக்கத்தின் எவ்விடத்தில் வருகிறது என்பதை அறியாமல் ‘வீடு’ என்றே பெயர்த்துவிடலாம். அகராதியின்படி அது பிழையன்று. ஆனால், அப்பொத்தானை அழுத்தவேண்டிய வாடிக்கையாளருக்கு அதனால் பயன் இல்லை. சொல் எங்கு நிற்கிறது, யார் படிக்கிறார், படித்தபின் என்ன செய்யவேண்டும் என்பவற்றையும் கருதிச் செய்யும்போதுதான் மொழிபெயர்ப்பு உள்ளூர்மயமாக்கத்தின் பகுதியாகிறது.

ஈபே கற்ற பாடம்

உள்ளூர்மயமாக்கத்தின் இன்றியமையாமையை உலக வணிகத்திற்கு உணர்த்திய நிகழ்வுகளுள் ஒன்று சீனாவில் ஈபே நிறுவனம் கண்ட தோல்வி. அமெரிக்காவில் இணையவழி ஏலத்தின் மூலம் பெரும்புகழ் பெற்றிருந்த ஈபே, 2002ஆம் ஆண்டில் சீனச் சந்தையில் நுழைந்தது. ஷாங்காய் நகரில் 1999இல் தொடங்கப்பட்ட ஈச்நெட் என்னும் சீன நிறுவனத்தின் மூன்றில் ஒரு பங்கை 3 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டில் ஏறத்தாழ 15 கோடி டாலர் கொடுத்து எஞ்சிய பங்குகளையும் தனதாக்கிக்கொண்டது. சீன இணையவழி ஏலச் சந்தையின் பெரும்பகுதி அப்போது அதன் கையில் இருந்தது.

2003ஆம் ஆண்டு மே மாதத்தில் அலிபாபா நிறுவனம் தாவோபாவோ என்னும் தளத்தைத் தொடங்கியது. அத்தளம் விற்பனையாளரிடம் பட்டியல் கட்டணம் பெறவில்லை. வாங்குவோரும் விற்போரும் உடனுக்குடன் எழுத்தில் உரையாடும் வசதியைப் பொருளின் பக்கத்திலேயே அமைத்துத் தந்தது. பொருளைப் பற்றிக் கேட்டறிந்து, விலை பேசி, விற்பவரின் இயல்பை ஓரளவு உணர்ந்தபின் வாங்குவது சீனச் சந்தையின் வழக்கம். தாவோபாவோ அவ்வழக்கத்திற்கு இடமளித்தது. ஈபேயோ, இருவரும் முன்கூட்டியே பேசிக்கொண்டால் தளத்திற்கு வெளியே வணிகத்தை முடித்துக்கொண்டு கட்டணத்தைத் தவிர்த்துவிடுவர் என அஞ்சியது; ஆகவே நேரடி உரையாடலை ஊக்குவிக்கவில்லை.

2004ஆம் ஆண்டில் ஈபே மற்றொரு முடிவை எடுத்தது. ஈச்நெட்டின் சீனத் தளத்தைத் தன் உலகப் பொதுத் தளத்தோடு இணைத்தது. உலகெங்கும் ஒரே அமைப்பு இருந்தால் பராமரிப்பது எளிது என்பது அதன் கருத்து. அவ்வமைப்பின் வழங்கிகள் அமெரிக்காவில் இருந்தன. சீன வாடிக்கையாளர் ஒருவர் தம் ஊரில் உள்ள விற்பனையாளரின் பொருளைக் காணவேண்டுமானாலும், அப்பக்கம் கடல் கடந்து வந்து சேரவேண்டியதாயிற்று. தளத்தின் விரைவு குறைந்தது. பழகிய தோற்றமும் மாறியது. தளத்தில் சிறு மாற்றம் செய்யவும் தொலைவில் இருந்த தலைமையகத்தின் ஒப்புதல் தேவைப்பட்டது. வாடிக்கையாளர் ஒவ்வொருவராகத் தாவோபாவோவிற்கு மாறினர். 2006ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஈபே தன் சீனத் தளத்தை மூடி, உள்நாட்டு நிறுவனம் ஒன்றுடன் கூட்டு முயற்சியில் இறங்கியது.

ஈபேயிடம் பணம் இருந்தது, பொறியாளர் இருந்தனர், சீன மொழி அறிந்தோரும் இருந்தனர். தளத்தில் எழுதப்பட்டிருந்ததும் சீன மொழியே. சொல் சீனமாக இருந்தும் கடை நடத்தும் முறை அமெரிக்கருடையதாகவே இருந்தது. உள்ளூர் மக்களின் பழக்கத்தை அறிந்து நடந்த தளம் நிலைத்தது; தன் பழக்கத்தை அவர்கள்மீது ஏற்றிய தளம் விலகியது.

எழுத்தும் எழுத்துருவும்

சீனாவிற்காகத் தளத்தை அமைப்போர் முதலில் தெளியவேண்டியது, எந்த எழுத்துமுறையில் எழுதுவது என்பதாகும். சீன அரசு 1956ஆம் ஆண்டில் எழுத்து எளிமையாக்கத் திட்டத்தை வெளியிட்டது. அதன்படி கோடுகள் குறைக்கப்பட்ட எளிய எழுத்துமுறை சீனப் பெருநிலப்பகுதியில் வழங்குகிறது. தைவானிலும் ஹாங்காங்கிலும் மரபு எழுத்துமுறை தொடர்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குக் கணினியால் எழுத்தை மாற்றிவிட முடியும். ஆனால், சொல்வழக்கு மாறிவிடாது. வாடகைச் சீருந்து, மென்பொருள் போன்ற அன்றாடச் சொற்களே பெருநிலப்பகுதியில் ஒருவகையாகவும் தைவானில் வேறுவகையாகவும் வழங்குகின்றன. எனவே, ஒரு பகுதிக்கென எழுதப்பட்டதை எழுத்து மட்டும் மாற்றி மற்றொரு பகுதியில் வைத்தால், படிப்போர் அதனை அயலார் பேச்சாகவே கருதுவர்.

தமிழ் எழுத்துகள் 247. அவற்றை எழுதுவதற்குத் தேவையான வடிவங்கள் அதனினும் குறைவு. சீன அரசு 2013இல் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டு எழுத்துப் பட்டியலில் 8,105 எழுத்துகள் உள்ளன. இத்தனை எழுத்துகளையும் கொண்ட எழுத்துருக் கோப்பு மிகப் பெரியது. அதனைத் தளத்தோடு சேர்த்து அனுப்பினால் பக்கம் திறக்கக் காலம் தாழும். ஆகையால், வாடிக்கையாளரின் கருவியில் ஏற்கெனவே உள்ள எழுத்துருவைப் பயன்படுத்துவதே பலரும் கைக்கொள்ளும் முறையாகும். எழுத்தைச் சாய்த்து எழுதி அழுத்தம் காட்டும் வழக்கம் சீனத்தில் இல்லை. சாய்த்தால் நெருக்கமான கோடுகள் சிதைந்து தோன்றும். அழுத்தம் காட்டுவதற்குத் தடித்த எழுத்தையோ நிறத்தையோ கையாளவேண்டும்.

சீனத்தில் சொற்களுக்கிடையே இடைவெளி விடுவதில்லை. ஆதலால், தளத்தின் தேடுபெட்டி ஒரு தொடரில் எது ஒரு சொல், எங்கே அடுத்த சொல் தொடங்குகிறது என்பதைத் தானே பிரித்தறியவேண்டும். இடைவெளியை நம்பி அமைக்கப்பட்ட தேடல்முறை சீனத்தில் பயன் தராது. தட்டச்சு செய்யும் முறையும் வேறு. பலர் ஒலிப்பை உரோமன் எழுத்தில் தட்டி, திரையில் தோன்றும் சீன எழுத்துகளுள் தமக்கு வேண்டியதைத் தெரிவு செய்கின்றனர். அத்தெரிவு முடியுமுன் தேடுபெட்டி தேடத் தொடங்கிவிட்டால் தொடர்பற்ற பொருள்களே திரையில் தோன்றும்.

எண், பெயர், முகவரி

எண்கள் எங்கும் பொதுவானவை எனத் தோன்றும். அவற்றை எண்ணும் முறை நாட்டிற்கு நாடு வேறுபடுகிறது. நாம் ஆயிரத்திற்கு மேல் இலட்சம், கோடி என எண்ணுகிறோம். ஐரோப்பியர் மில்லியன் என்பர். சீனர் பத்தாயிரத்தை ஓர் அலகாகக் கொண்டு அதனை ‘வான்’ என்பர். நாம் மூன்றரை இலட்சம் எனக் கூறுவதைச் சீனர் 35 வான் எனக் கூறுவர். நாளைக் குறிக்கும்போது ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையைப் பின்பற்றுவர். யுவான் நாணயத்திற்கு உரிய குறியீடே ஜப்பானிய யென் நாணயத்திற்கும் வழங்குகிறது. இரு நாட்டினருக்கும் விற்கும் கடை, எந்த நாணயம் என்பதைச் சொல்லாலும் தெளிவுபடுத்துவது நலம்.

சீனப் பெயரில் குடும்பப்பெயர் முன்னும் தனிப்பெயர் பின்னும் வரும். அலிபாபாவைத் தோற்றுவித்தோருள் முதன்மையானவரின் சீனப் பெயர் மா யுன். அதில் ‘மா’ என்பது குடும்பப்பெயர். பெரும்பாலான பெயர்கள் இரண்டு அல்லது மூன்று எழுத்துகளில் அமைகின்றன. ‘பெயரில் குறைந்தது நான்கு எழுத்துகள் இருத்தல் வேண்டும்’ எனக் கட்டுப்பாடு விதித்த படிவம், சீன வாடிக்கையாளரின் உண்மையான பெயரையே தவறு எனக் கூறித் திருப்பிவிடும். முதன்முறை கடைக்கு வந்தவரிடம் ‘உம் பெயர் பிழை’ என்று கூறும் கடைக்காரரிடம் யார் பொருள் வாங்குவர்?

முகவரியின் வரிசையும் தலைகீழானது. வீட்டு எண்ணில் தொடங்கி, தெரு, ஊர், மாநிலம் என விரிந்து செல்வது நம் முறை. மாகாணத்தில் தொடங்கி, நகரம், வட்டம், தெரு, வீடு எனச் சுருங்கி வருவது சீன முறை. படிவத்தின் கட்டங்களும் அவ்வரிசையிலேயே அமையவேண்டும். அவ்வாறு அமையாதபோது வாடிக்கையாளர் தடுமாறுவார், முகவரி பிழையாகும், பொருள் வேறிடம் செல்லும்.

தள்ளுபடியில் ஒரு தடுமாற்றம்

ஒரே செய்தியை இரு நாட்டினர் எதிரெதிர்த் திசையிலிருந்து கூறுவதும் உண்டு. தள்ளுபடி விளம்பரம் இதற்குத் தக்க சான்று. விலையில் எவ்வளவு குறைக்கப்படுகிறது என்பதை நாம் கூறுகிறோம். 20 விழுக்காடு தள்ளுபடி என்றால் 80 விழுக்காடு செலுத்தவேண்டும். சீனர், செலுத்தவேண்டிய பங்கைப் பத்தின் கூறாகக் கூறுவர்; அக்கூறு ‘ஜே’ எனப்படும். ‘8 ஜே’ என்றால் பத்தில் எட்டுப் பங்கு விலையைச் செலுத்தவேண்டும் என்பது பொருள். நாம் 20 விழுக்காடு தள்ளுபடி என்பதே அவர்களுக்கு 8 ஜே ஆகிறது.

300 யுவான் விலையுள்ள காலணிக்கு 20 விழுக்காடு தள்ளுபடி அளித்தால் அதன் விலை 240 யுவான். இதனைப் பெயர்ப்பவர் எண்ணை மட்டும் நோக்கி ‘2 ஜே’ என எழுதிவிட்டால், 60 யுவானுக்கே காலணி கிடைக்கும் என வாடிக்கையாளர் எண்ணுவார். ஒரு காலணியில் 180 யுவான் வேறுபாடு. கடைக்காரர் அவ்விலைக்கே கொடுத்தால் இழப்பு அவருடையது. கொடுக்க மறுத்தால் ஏமாற்றியவர் என்னும் பழியும் அவருடையது. எண் ஒன்றைப் பெயர்ப்பதற்குக்கூட வழக்கறிவு வேண்டும் என்பதை இவ்வெடுத்துக்காட்டு உணர்த்துகிறது.

தெரியுமா?

சீன மொழியில் நான்கைக் குறிக்கும் சொல்லின் ஒலி, இறப்பைக் குறிக்கும் சொல்லின் ஒலியை ஒத்திருக்கிறது. ஆகவே, பலர் அவ்வெண்ணை விரும்புவதில்லை. எட்டைக் குறிக்கும் சொல் செழிப்பைக் குறிக்கும் சொல்லை நினைவூட்டுவதால் அது நல்லெண்ணாகக் கருதப்படுகிறது. பெய்ஜிங் ஒலிம்பிக் போட்டிகளின் தொடக்கவிழா 2008ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள் இரவு 8 மணியளவில் நடைபெற்றது. சுவர்க்கடிகாரத்தைப் பரிசளிப்பதைக் குறிக்கும் தொடர், இறுதிச்சடங்கு செய்வதைக் குறிக்கும் தொடர்போல ஒலிப்பதால், கடிகாரத்தைப் பரிசுப்பொருளாக விளம்பரப்படுத்துவது பொருந்தாது. சிவப்பு மங்கல நிறம். சீனப் பங்குச்சந்தைத் திரைகளில் விலை ஏற்றத்தைச் சிவப்பும் இறக்கத்தைப் பச்சையும் காட்டுகின்றன.

பெயரும் பொருளும்

அயல்நாட்டுப் பெயரைச் சீனத்தில் எழுதும்போது ஒலியை மட்டும் எழுத இயலாது. சீன எழுத்து ஒவ்வொன்றும் ஒலியோடு பொருளும் உடையது. எனவே, ஒலிக்காகத் தெரிவு செய்த எழுத்துகள் தமக்குரிய பொருளையும் உடன் கொண்டுவந்துவிடுகின்றன. இதனை நன்கு பயன்படுத்திய பெயர் கோக்கோ கோலாவினுடையது. அதன் சீனப்பெயர் மூலப்பெயரைப்போலவே ஒலிக்கிறது. ‘சுவைக்கு இனியது, மகிழ்ச்சி தருவது’ என்னும் பொருளையும் தருகிறது. வீட்டுப்பொருள் விற்கும் ஐக்கியா நிறுவனத்தின் சீனப்பெயரிலும் ‘பொருத்தமான வீடு’ என்னும் பொருள் அமைந்துள்ளது.

நிறுவனம் தானே நல்ல பெயரைத் தெரிவு செய்யாவிடில், மக்கள் தமக்குத் தோன்றிய பெயரால் அதனை அழைக்கத் தொடங்குவர். சீனாவில் வணிக முத்திரையை முதலில் பதிவு செய்தவருக்கே பெரும்பாலும் உரிமை கிடைக்கிறது. காலம் தாழ்த்தும் நிறுவனம் தன் பெயரைத் தானே பயன்படுத்த முடியாத நிலைக்கு உள்ளாகலாம். கடை திறக்குமுன் பெயரைத் தெரிவு செய்து பதிவு செய்தல் அறிவுடைமையாகும்.

பணமும் நம்பிக்கையும்

முன்பின் அறியாத ஒருவருக்குப் பணம் அனுப்பும்போது வாங்குவோரின் மனத்தில் அச்சம் எழும். பணம் வருமுன் பொருளை அனுப்புவதற்கு விற்போரும் தயங்குவர். 2003ஆம் ஆண்டில் சீன மக்களுள் கடன் அட்டை வைத்திருந்தோர் சிலரே. இந்நிலையில் தாவோபாவோ அவ்வாண்டு அக்டோபரில் அலிபே என்னும் முறையைக் கொண்டுவந்தது. வாங்குபவர் செலுத்தும் பணம் நேரே விற்பவரிடம் செல்லாது. இடையில் அலிபேயிடம் தங்கும். பணம் வந்துவிட்டது என அறிந்த விற்பவர் பொருளை அனுப்புவார். பொருளைப் பெற்றவர் அதனைப் பார்த்து ஏற்றுக்கொண்டபின் பணம் விற்பவருக்கு விடுவிக்கப்படும். இருவருக்கும் இடையே இல்லாதிருந்த நம்பிக்கையை இந்த ஏற்பாடு தந்தது.

2011இல் செய்திப் பரிமாற்றச் செயலியாகத் தோன்றிய வீசாட், 2013இல் பணம் செலுத்தும் வசதியையும் சேர்த்துக்கொண்டது. இவ்விரண்டும் சீனரின் அன்றாட வாழ்வில் கலந்துவிட்டன. காய்கறிக் கடையில்கூட மக்கள் விரைவுக் குறியீட்டைத் திறன்பேசியால் படம்பிடித்துப் பணம் செலுத்துகின்றனர். இத்தகைய மக்களிடம் அட்டையின் பதினாறு இலக்க எண்ணையும் காலாவதி நாளையும் மட்டுமே கேட்கும் தளம் பழங்காலத்ததாகத் தோன்றும். பொருளைத் தெரிவு செய்து கூடையில் இட்டவரும் இறுதிப்படியில் திரும்பிவிடுவார்.

விரைவும் தடையும்

சீன அரசு வெளிநாட்டு இணையச் சேவைகள் பலவற்றைத் தன் எல்லைக்குள் தடுத்துவைத்துள்ளது. முகநூலும் யூடியூபும் 2009ஆம் ஆண்டு முதல் அங்குத் தடைப்பட்டுள்ளன. கூகுள் நிறுவனம் 2010ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தன் சீனத் தேடல் சேவையை ஹாங்காங்கிற்கு மாற்றியது. இவை கடைகளுக்குத் தொடர்பில்லாத செய்திகள்போலத் தோன்றலாம். உண்மை அவ்வாறன்று. பல தளங்கள் எழுத்துரு, நிலப்படம், காணொலி, ‘நீங்கள் மனிதர்தாமா’ எனச் சோதிக்கும் கட்டம் ஆகியவற்றை அச்சேவைகளிடமிருந்தே பெறுகின்றன. அவற்றுள் ஒன்று வந்து சேராவிடினும் பக்கம் முழுமை பெறாமல் நின்றுவிடும். தன் நாட்டில் இருந்தபடி தளத்தைப் பார்க்கும் உரிமையாளருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். ஷாங்காயில் இருப்பவரோ வெற்றுத்திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதற்குத் தீர்வு, வெளிச்சேவைகளை நீக்கி, அவற்றிற்கு ஈடான உள்நாட்டுச் சேவைகளைப் பயன்படுத்துவதாகும். தேடுபொறிகளுள் பைதுவைக் கருத்தில் கொள்ளவேண்டும். பங்கிடுவதற்கு முகநூல் பொத்தானுக்கு மாற்றாக வீசாட் பொத்தானை அமைக்கவேண்டும். இயலுமாயின் வழங்கியைச் சீனாவிலேயே நிறுவவேண்டும். அவ்வாறு நிறுவுவதற்கு அரசின் இணைய உள்ளடக்கப் பதிவெண் தேவை. அவ்வெண்ணைப் பக்கத்தின் அடியில் காட்டவேண்டும். இவ்வளவையும் தனியே செய்ய இயலாத வெளிநாட்டுக் கடைகள், 2014இல் அலிபாபா தொடங்கிய டீமால் குளோபல் போன்ற பெருந்தளங்களுள் தமக்கென ஓர் இடத்தைப் பெற்று விற்பனை செய்கின்றன.

சட்டம் அறிதல்

அயல்நாட்டில் கடை வைப்போர் அந்நாட்டுச் சட்டத்திற்கு உட்பட்டவர். சீன விளம்பரச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், ‘மிகச் சிறந்தது’, ‘மிக உயர்ந்தது’ என்பன போன்ற உச்சச் சொற்களை விளம்பரத்தில் தடை செய்கிறது. மீறுவோர்க்கு 2,00,000 யுவான் முதல் 10,00,000 யுவான் வரை தண்டம் விதிக்கலாம். பிற நாடுகளில் விளம்பரத்தின் அணிகலனாக விளங்கும் சொல்லே இங்குக் குற்றமாகிறது. மொழிபெயர்ப்பாளர் மூலத்திற்கு உண்மையாக இருந்தால் நிறுவனம் தண்டம் செலுத்த நேரிடும்.

2014ஆம் ஆண்டு மார்ச் 15 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் சட்டத் திருத்தத்தின்படி, இணையவழி வாங்கிய பொருளைக் காரணம் கூறாமலேயே ஏழு நாள்களுக்குள் திருப்பித் தரலாம். விரைவில் கெடும் பொருள், தனிப்பட அளவெடுத்துச் செய்த பொருள் முதலியவற்றிற்கு விலக்கு உண்டு. 2019 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள மின்வணிகச் சட்டம், பொய்யான வாடிக்கையாளர் கருத்துகளைப் புனைந்து வெளியிடுவதைத் தடை செய்கிறது. 2021 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், வாடிக்கையாளரின் தகவலை வெளிநாட்டிற்கு அனுப்புவதற்குத் தனியே அவருடைய இசைவைப் பெறவேண்டும் என்கிறது. தளத்தின் அடியில் சிற்றெழுத்தில் இருக்கும் விதிமுறைப் பக்கத்தையும் சீனச் சட்டத்திற்கு ஏற்பப் புதிதாகவே எழுதவேண்டும். தாய்நாட்டு விதிகளைப் பெயர்த்து வைப்பது போதாது.

பழகிப் பார்த்தல்

இத்தனையும் செய்து முடித்தபின் எஞ்சியிருப்பது சோதனை. சீனம் அறிந்த ஒருவர் சொற்பிழையைக் காட்டித்தர முடியும். சீனாவில் வாழும் ஒருவரே, தம் திறன்பேசியில் தளத்தைத் திறந்து, பொருளைத் தேடி, விற்பவரிடம் ஐயம் கேட்டு, பணம் செலுத்தி, பொருளைப் பெற்று, அதனைத் திருப்பியும் அனுப்பிப் பார்த்து, எங்கே கால் இடறுகிறது என்பதைக் கூற முடியும். சீனா முழுவதும் பெய்ஜிங் நேரமே வழங்குகிறது. அது இந்திய நேரத்திற்கு இரண்டரை மணி முற்பட்டது. அந்நேரத்தில் விழித்திருந்து விடை சொல்லும் ஊழியர் உளரா என்பதையும் இச்சோதனை காட்டிவிடும். நவம்பர் 11ஆம் நாளில் நடைபெறும் பெருவிற்பனையின்போது ஒரே நேரத்தில் பல்லாயிரவர் வரினும் தளம் தாங்குமா என்பதையும் முன்னரே அறிந்துகொள்ளவேண்டும். 2009இல் அலிபாபா தொடங்கிய இவ்விற்பனை, இன்று சீன வணிக நாள்காட்டியில் ஒரு பெருவிழாவாகவே இடம்பெற்றுள்ளது.

மூன்று மொழிகளில் ஒரு கல்வெட்டு

அயலாரின் வழக்கறிந்து அவரிடம் பேசும் முறை இணையத்தோடு பிறந்ததன்று. சீனப் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹோ, இலங்கையில் நிறுவுவதற்காக 1409ஆம் ஆண்டில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அது 1911ஆம் ஆண்டில் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் உள்ளன. சீனப்பகுதி புத்தருக்குக் காணிக்கை செலுத்துகிறது. தமிழ்ப்பகுதி தேனாவரை நாயனாருக்குச் செலுத்துகிறது. பாரசீகப்பகுதி இசுலாமிய வணிகரின் சமயத்திற்கு உரியதாக அமைந்துள்ளது. காணிக்கைப் பொருள்கள் ஏறத்தாழ ஒத்திருக்கின்றன. வணங்கப்படும் தெய்வமோ படிப்போருக்கு ஏற்ப மாறியுள்ளது.

அக்கல்வெட்டை எழுதியோர் ஒரு பகுதியை மற்ற இரு மொழிகளில் அப்படியே பெயர்த்து வைக்கவில்லை. அத்துறைமுகத்தில் கூடும் மூவகை மக்களையும் தனித்தனியே எண்ணிப் பார்த்து, அவரவருக்கு உரியதை அவரவர் மொழியில் எழுதினர். இன்று சீன வாடிக்கையாளருக்காகத் தளம் அமைப்போர் மேற்கொள்ளும் பணியும் அதுவே. பெயரை எழுதும் கட்டமும், முகவரியின் வரிசையும், பணம் செலுத்தும் முறையும் ‘நீர் வருவீர் என எண்ணியே இக்கடையை அமைத்தோம்’ என்று வந்தவருக்கு உணர்த்தவேண்டும். அவ்வுணர்வைப் பெற்றவரே மீண்டும் வருவார்.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் பயன்படுத்தும் இணையத்தளம் ஒன்றின் தமிழ்ப்பக்கத்தைப் பார்வையிடுக. சொல் மட்டும் பெயர்க்கப்பட்டுள்ள இடங்களையும் வழக்கிற்கு ஏற்ப அமைக்கப்பட்டுள்ள இடங்களையும் பட்டியலிடுக.

2. ‘25 விழுக்காடு தள்ளுபடி’, ‘60 விழுக்காடு தள்ளுபடி’ ஆகியவற்றைச் சீன வழக்கிற்கு ஏற்ப எழுதிக் காட்டுக.

3. உங்கள் வீட்டு முகவரியைச் சீன முறைப்படி பெரிதிலிருந்து சிறிதாக வரிசைப்படுத்தி எழுதுக.

4. ஈபே தன் தளத்தை உலகப் பொதுத் தளத்தோடு இணைத்தது சரியா? வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடுக.

5. உச்சச் சொற்களைப் பயன்படுத்தாமல், கைத்தறி ஆடை ஒன்றின் சிறப்பை எடுத்துரைக்கும் விளம்பரத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.